அயலவரைக் காக்கும் தடுப்பூசி

தடுப்பூசி என்றதும், அதனை ஏற்றுக்கொள்பவர் தம்மைக் காத்துக்கொள்வதற்காகவே ஏற்றுக்கொள்கிறார் என்று எண்ணுவது இயல்பு. அம்மைப்பால் குத்திக்கொண்டவரைப் பெரியம்மையிலிருந்து அது காத்தது. குழந்தைக்கு இடப்படும் முக்கூட்டு ஊசி, அக்குழந்தையைக் குக்கலிலிருந்தும் ஏற்புவலியிலிருந்தும் காக்கின்றது. ஆனால், ஏற்றுக்கொண்டவருக்கு நேரடியான காப்பு எதனையும் அளியாது, அவருடைய அயல்வீட்டாரை மட்டும் நோயிலிருந்து காக்கும் தடுப்பூசி ஒன்று உண்டென்றால், கேட்போர் வியப்படைதல் கூடும். மலேரியாக் காய்ச்சலுக்கு எதிராக அத்தகைய தடுப்பூசி ஒன்றை ஆக்குவதற்கு உலகின் பல ஆய்வுகூடங்கள் முயன்று வருகின்றன. அம்முயற்சிக்குத் துணையான சில முக்கிய உண்மைகள், 1980ஆம் ஆண்டுகளில் கொழும்பிலே, பொரளையைச் சார்ந்த கின்சி வீதியில் அமைந்துள்ள மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடத்திலே வெளிப்பட்டன.

நோய்க்கிருமிகளை ஆராய்வது பொரளைக்குப் புதிய தொழிலன்று. இன்று மருத்துவ ஆராய்ச்சி நிலையம் என வழங்கும் நிறுவனம், 1900ஆம் ஆண்டில் கிருமியியல் நிலையமாகத் தொடங்கப்பட்டது. உறக்கநோய் பற்றிய ஆய்வினால் புகழ்பெற்ற இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்ட்டலானி, 1903ஆம் ஆண்டு முதல் 1915ஆம் ஆண்டு வரை கொழும்பிலே பணியாற்றினார். மருத்துவ பீடத்தின் வரலாறு அதனினும் பழைமையானது. 1870ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மருத்துவக் கல்லூரியே பின்னர் பல்கலைக்கழகத்தின் பீடமாக வளர்ந்தது.

இலங்கைக்கும் மலேரியாவுக்கும் இருந்த தொடர்பு மிகக் கொடியது. உலர்வலயத்துக் குளங்களையும் வயல்களையும் சூழ்ந்து அந்நோய் நிலைபெற்றிருந்தது. வன்னியிலும் அநுராதபுரத்திலும் பொலனறுவையிலும், பருவந்தோறும் காய்ச்சல் வருவது மழை வருவதுபோல எதிர்பார்க்கப்பட்ட ஒன்றாகும். 1934ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. வற்றாது ஓடிய ஆறுகள் சிறு சிறு குட்டைகளாகத் தேங்கின. தெளிந்த தேக்கநீரில் முட்டையிடும் அநொபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு அக்குட்டைகளில் அளவின்றிப் பெருகியது. அதுவரை இந்நோயை அதிகம் அறியாதிருந்த கேகாலை, குருணாகல் ஆகிய மாவட்டங்களின் மக்கள் வீடுவீடாக வீழ்ந்தனர். 1934, 1935 ஆகிய ஈராண்டுகளிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் டி.டி.ரி. மருந்து வீட்டுச் சுவர்களிலே தெளிக்கப்பட்டது. நோய் விரைந்து வீழ்ந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். போர் முடிந்துவிட்டது என்ற எண்ணம் தோன்றியது. தெளிப்பு வேலையும் தளர்ந்தது. அடுத்து வந்த சில ஆண்டுகளுள் மலேரியா மீண்டும் தலைதூக்கியது. 1969ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிப்போனமையால், 1977ஆம் ஆண்டு தொடங்கி மலத்தியன் என்னும் வேறு மருந்தினை நாட வேண்டியதாயிற்று. மருந்து தெளிப்பதனால் மட்டும் இந்நோயை என்றென்றைக்கும் அடக்கிவிட இயலுமா என்னும் ஐயம் அறிஞரிடையே எழுந்தது. தடுப்பூசியை நாடிய ஆராய்ச்சி வேகம் பெற்றதும் ஏறத்தாழ அக்காலத்திலேயே ஆகும்.

தடுப்பூசி ஆக்குவது ஏன் கடினம் என்பதை அறிவதற்கு, மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கையைச் சற்றே அறிதல் வேண்டும். 1880ஆம் ஆண்டில் அல்ஜீரியாவிலே லவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளரின் குருதியில் இவ்வொட்டுண்ணியைக் கண்டார். 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், செக்கந்தராபாத் நகரில் றொனால்ட் றொஸ் என்பவர், அது நுளம்பின் இரைப்பைச் சுவரிலே வளர்வதைக் கண்டறிந்தார். மனிதனுள் ஒரு பாதியும் நுளம்பினுள் மறு பாதியுமாக இவ்வொட்டுண்ணி வாழ்கின்றது என்னும் உண்மை இவ்வாறு புலனாயிற்று.

நுளம்பு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் ஊசிபோன்ற வடிவுடைய நுண்ணுயிர்கள் உடலினுட் புகுகின்றன. அவை ஒரு மணித்தியாலத்துக்குள்ளாகவே பெரும்பாலும் ஈரலைச் சென்றடைந்து, அங்கே மறைவாகப் பல்லாயிரமாய்ப் பெருகுகின்றன. பின்பு அவை குருதியினுட் பாய்ந்து செங்குழியங்களைத் தாக்குகின்றன. நடுக்கமும் காய்ச்சலும் வியர்வையும் இந்நிலையிலேயே தோன்றுகின்றன. இவ்வாறு பெருகும் ஒட்டுண்ணிகளுள் சில, ஆணாகவும் பெண்ணாகவும் உருமாறுகின்றன. இவை மனிதனுக்கு எத்தீங்கும் செய்வதில்லை, குருதியிலே காத்திருக்கின்றன. நுளம்பு வந்து குருதியைக் குடித்தால் அதன் வயிற்றினுள்ளே ஆணும் பெண்ணும் கூடி, புதிய தலைமுறை தோன்றும். நுளம்பு வாராவிடின் இவை சில நாட்களில் அல்லது சில வாரங்களில் தாமாகவே மடிந்துவிடும்.

ஒரே ஒட்டுண்ணி இவ்வாறு மூன்று வேடங்களைப் பூணுகின்றது. ஈரலை நாடும் வேடத்திற்கு எதிராக உடல் ஆயத்தஞ் செய்த ஆயுதம், குருதியிலுள்ள வேடத்தை அடையாளங் காண்பதில்லை. பெரியம்மைக் கிருமி அத்தகைய மாயம் அறியாதது. ஒருமுறை அம்மை கண்டவருக்கு அது மீண்டும் வருவது அரிது. ஆதலினாலேயே 1980ஆம் ஆண்டில் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததென அறிவிக்க முடிந்தது. மலேரியாவோ ஒருமுறை கண்டவரை மீண்டும் மீண்டும் பற்றுகின்றது. அதன் மரபுப்பொருள் முழுவதும் 2002ஆம் ஆண்டில் படித்தறியப்பட்டபோது, பல்சிப்பாரம் என்னும் கொடிய இனத்திலே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பரம்பரை அலகுகள் இருப்பது தெரிந்தது. வைரசுக் கிருமிகள் பலவற்றில் இவை சில பத்துகளையோ சில நூறுகளையோ தாண்டுவதில்லை. மேலும், குருதியில் வாழும் ஒட்டுண்ணி தன் மேற்பரப்புப் புரதங்களை இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளும் திறனும் உடையது.

மூன்று வேடங்கள் உண்டெனின், மறித்து நிற்பதற்கு மூன்று வாயில்களும் உண்டு. முதலாம் வாயில், நுளம்புக் கடிக்கும் ஈரலுக்கும் இடைப்பட்டது. 1967ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் ரூத் நுசன்சுவைக் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும், கதிர்வீச்சினால் வலுவிழக்கச் செய்த ஒட்டுண்ணிகளை எலிகளுக்குச் செலுத்தி, அவற்றை மலேரியாவிலிருந்து காக்கலாமெனக் காட்டினர். அவ்வுண்மையைப் பின்பற்றி, அந்நுண்ணுயிரின் மேலுறைப் புரதத்தின் ஒரு பகுதியை எடுத்து, ஈரலழற்சித் தடுப்பூசியின் புரதத்தோடு இணைத்து ஆக்கப்பட்டதே ஆர்.ரி.எஸ்.எஸ். எனப்படும் தடுப்பூசியாகும். 2009ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை ஆபிரிக்காவின் ஏழு நாடுகளிலே 15,459 குழந்தைகளிடம் அது பரீட்சிக்கப்பட்டது. நான்கு முறை ஊசி பெற்ற, ஐந்து மாதம் முதல் பதினேழு மாதம் வரையிலான குழந்தைகளிடம் நோய்த்தாக்கம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் அதனைப் பரிந்துரைத்தது. ஒட்டுண்ணி ஒன்றினால் மனிதனுக்கு வரும் நோயைத் தடுப்பதற்கு அத்தகைய பரிந்துரை பெற்ற முதலாவது தடுப்பூசி அதுவே.

அதன் வழிவந்த ஆர்.21 என்னும் தடுப்பூசி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே உருவாகி, இந்தியாவின் பூனா நகரிலுள்ள சீரம் நிறுவனத்திலே உற்பத்தியாகின்றது. உடலின் எதிர்ப்பைத் தூண்டுவதற்காக அதனோடு சேர்க்கப்படும் பொருள், தென்னமெரிக்காவிலுள்ள ஒருவகைச் சவர்க்கார மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவதாகும். 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் இதுவும் பரிந்துரைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டின் முடிவிற்குள் ஆபிரிக்க நாடுகள் பதினைந்துக்கும் மேற்பட்டவற்றில் குழந்தைகளுக்கு மலேரியாத் தடுப்பூசி இடும் பணி தொடங்கிவிட்டது.

இரண்டாம் வாயில் குருதியிலே உள்ளது. நோய்வாய்ப்பட்டுத் தேறியவருடைய குருதியில், அந்நியப் பொருளை எதிர்க்கும் புரதங்கள் தோன்றுகின்றன. பிறபொருளெதிரிகள் என இவை அழைக்கப்படும். 1961ஆம் ஆண்டில், கம்பியா நாட்டின் வளர்ந்தோரிடமிருந்து இவ்வெதிரிகளைப் பிரித்தெடுத்து நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது, அவர்தம் குருதியிலிருந்த ஒட்டுண்ணிகள் குறைந்தன. குருதியில் காப்பு உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று. எனினும், ஒட்டுண்ணியின் உருமாறும் தந்திரம் இவ்வாயிலிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது. ஆகவே இவ்வழியில் எளிதில் வெற்றி கிட்டவில்லை.

மூன்றாம் வாயில் மனித உடலுக்கு வெளியே, நுளம்பின் வயிற்றிலே அமைந்துள்ளது. நுளம்பு குருதியைக் குடிக்கும்போது ஒட்டுண்ணியை மட்டுமன்றி, அக்குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளையும் சேர்த்தே குடிக்கின்றது. ஆண், பெண் புணரிகள் செங்குழியத்தின் மறைவிலிருந்து வெளிவந்து கூடுவதற்கு முன்னர், அவ்வெதிரிகள் அவற்றைப் பற்றிக்கொள்ளுமாயின் கூட்டம் நிகழாது. நுளம்பும் நோயைப் பரப்பமாட்டாது. 1976ஆம் ஆண்டில் றிச்சட் காட்டர், சென் ஆகிய இருவரும், குவாட்ஸ் என்பவரும், கோழிகளைப் பற்றும் மலேரியாவைக் கொண்டு இதனைத் தெளிவாகக் காட்டினர். தடுப்பூசி பெற்ற கோழி நோயிலிருந்து தப்பவில்லை. ஆனால் அதன் குருதியைக் குடித்த நுளம்புகள் நோயைச் சுமக்கும் ஆற்றலை இழந்தன.

கோழியிற் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா? ஊசி ஏதும் பெறாத மனிதன், காய்ச்சல் கண்டு தேறும்போது இத்தகைய எதிரிகளைத் தானே தோற்றுவிக்கின்றானா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதற்குக் கொழும்பு ஏற்ற இடமாயிற்று. 1980ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே மலேரியா மிகுதியாக இருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை வைவாக்ஸ் என்னும் இனத்தால் வருவன. வைவாக்ஸ் நோயாளரின் குருதியிலே புணரியாக மாறவல்ல வடிவங்கள், காய்ச்சல் தொடங்கும்போதே தோன்றிவிடுகின்றன. ஆகவே, நோயாளர் மருந்து உண்பதற்கு முன்பே அவருடைய குருதியைப் பெற்று ஆராய முடிந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை கமினி மென்டிசும் அவர்தம் குழுவினரும், காட்டருடன் இணைந்து இப்பணியில் இறங்கினர்.

அவர்கள் கையாண்ட முறை நுட்பமானது. ஆயினும் விளங்குவதற்கு எளியது. இலங்கையில் நோயைப் பரப்பும் முதன்மை நுளம்பை ஆய்வுகூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பது கடினம். எனவே அநொபிலிஸ் தெசலேற்றஸ் என்னும் வேறோரினம் வளர்க்கப்பட்டது. நோயாளரின் குருதியிலிருந்து செங்குழியங்கள் பிரிக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி, நோய் கண்டிராத ஒருவரின் குருதித் தெளிநீரோடும், மற்றொரு பகுதி, ஆராய வேண்டிய நோயாளரின் குருதித் தெளிநீரோடும் கலக்கப்பட்டன. இரண்டும் உடற் சூட்டில் வைக்கப்பட்ட கண்ணாடிக் கிண்ணங்களில் இடப்பட்டு, மெல்லிய தோற்படலத்தினால் மூடப்பட்டன. பசித்த நுளம்புகள் அப்படலத்தைத் துளைத்துக் குருதியைக் குடித்தன. ஏறத்தாழ ஒரு வாரம் சென்றபின், ஒவ்வொரு நுளம்பின் இரைப்பையும் பிரித்தெடுக்கப்பட்டு, அதன் சுவரில் எத்தனை ஒட்டுண்ணிக் கொப்புளங்கள் தோன்றியுள்ளன என்பது உருப்பெருக்கியின் கீழ் எண்ணப்பட்டது. றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்திலே கண்டவை இக்கொப்புளங்களே.

விளைவு 1987ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வைவாக்ஸ் நோய் கண்ட பலருடைய குருதித் தெளிநீர், நுளம்பு நோயுறுவதை இயல்பாகவே தடுத்தது. ஊசியின்றியே மனிதனின் உடல் இவ்வாயுதத்தை ஆக்க வல்லது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. தடுப்பூசி என்பது இயற்கை காட்டிய வழியைச் செவ்வையாக்கித் தருவதேயாகும். இயற்கையிலே ஒரு வழியே இல்லாதவிடத்து ஊசி செய்வோர் இருளில் நடக்க வேண்டியவராவர். இவ்விடத்திலோ வழி ஒன்று உண்டு என்பது தெரிந்துவிட்டது.

அவ்வழியின் குறையும் அடுத்த ஆண்டிலேயே தெரிந்தது. 1988ஆம் ஆண்டில் அக்குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இக்காப்பின் நினைவு நீண்டதன்று எனக் காட்டியது. முதற் காய்ச்சலின் பின் சில மாதங்களுள் மீண்டும் நோய் வருமாயின் எதிர்ப்பு வலுப்பெறும்; இடைவெளி நீளுமாயின் உடல் பழைய பாடத்தை மறந்து, புதிதாகத் தொடங்குவதைப்போலவே நடந்துகொள்ளும்.

மற்றுமோர் எதிர்பாராத செய்தியும் வந்தது. மலிக் பீரிஸ், மென்டிஸ் முதலியோர் அதே 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், புணரிகளுக்கெதிரான பிறபொருளெதிரிகள் மிகுதியாக இருக்கும்போது நோய் பரவுவதைத் தடுத்தன. மிகக் குறைந்த அளவில் இருக்கும்போதோ பரவுதலைத் தடுப்பதற்குப் பதிலாக ஊக்குவித்தன. இலங்கைக்கே உரிய செங்குரங்குகளிடத்து, அவற்றின் இயற்கை மலேரியாவைக் கொண்டு நடத்திய ஆய்விலும் தடுத்தலும் ஊக்குவித்தலும் ஆகிய இரண்டும் காணப்பட்டன. தடுப்பூசியின் வீரியம் நாளடைவில் குறையும் என்பதை எண்ணும்போது இஃது எத்துணைப் பொறுப்பான எச்சரிக்கை என்பது புலனாகும். அரைகுறையான காப்பு, காப்பே இல்லாமையினும் தீதாக முடியக்கூடுமா என்னும் வினாவை ஒவ்வோர் ஆய்வாளரும் தம்முன் வைத்துக்கொள்ள வேண்டியவராயினர். பீரிஸ் பின்னர் ஹொங்கொங் சென்று, 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோயின் கிருமியைக் கண்டறிந்தோருள் ஒருவராக உலகப் புகழ் எய்தினார்.

நதீரா கருணாவீர முதலியோர் காய்ச்சலின் உச்சநிலையை ஆராய்ந்தனர். வைவாக்ஸ் காய்ச்சலிலே நடுக்கமும் வெப்பமும் ஏறியிறங்கும் சில மணித்தியாலங்களில், உடலே சுரக்கும் சில பொருள்கள் குருதியிலே திடீரென உயர்கின்றன என்பதும், அந்நேரத்தில் குருதியிலுள்ள ஒட்டுண்ணிகள் கொல்லப்படுகின்றன என்பதும் 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளால் தெரியவந்தன. நோயாளரை வருத்தும் காய்ச்சலே ஒட்டுண்ணியையும் வருத்துகின்றது.

ஆய்வு, கின்சி வீதியின் சுவர்களுக்குள் மட்டும் நிகழவில்லை. கதிர்காமப் பகுதியின் கிராமங்களிலே குடும்பம் குடும்பமாக நோய் கணக்கெடுக்கப்பட்டது. களிமண் சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட குடிசைகளில் வாழ்ந்தோரை, கற்சுவரும் ஓட்டுக்கூரையும் உடைய வீடுகளில் வாழ்ந்தோரைவிட மலேரியா மிகுதியாகப் பற்றியது என்பதும் அங்கே கண்டறியப்பட்டது. வறுமையும் ஒட்டுண்ணியின் துணைவன் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, மூன்றாம் வாயிலை மறிக்கும் தடுப்பூசி எழுப்பும் அறவினாவைக் கருதுவோம். இவ்வூசியைப் பெற்றவருக்கு நுளம்பு கடித்தால் காய்ச்சல் வரும். அவருடைய குருதியைக் குடித்த நுளம்பு அடுத்த வீட்டாருக்கு நோயைக் கொடாது என்பதே அதன் பயன். தமக்கு நேரடி நன்மை தராத ஊசியை ஒருவர் ஏன் ஏற்றல் வேண்டும்? உலர்வலயத்து மக்களுக்கு இவ்வினாவின் விடை புதியதன்று. குளக்கட்டு உடையுமாயின் ஒருவருடைய வயல் மட்டும் அழிவதில்லை. ஆகவே தம் வயலுக்கு அருகில்லாத கட்டினையும் ஊரவர் கூடித் திருத்தினர். ஊரில் பெரும்பாலானோர் இவ்வூசியைப் பெறும்போது நோய்ச்சங்கிலி அறுகின்றது. அதனால் ஊசி பெற்றவரும் இறுதியிற் காக்கப்படுகின்றார். எனினும் தனியொருவருக்கு உடனடி நன்மை இல்லாதவிடத்து, ஊசியினால் சிறு தீங்கும் நேராதிருத்தல் வேண்டும். ஏனைய தடுப்பூசிகளுக்கு உரியதினும் கடுமையான பாதுகாப்புச் சோதனையை இஃது எதிர்நோக்குவதற்குக் காரணம் இதுவேயாகும்.

ஆக்குவோர் முன்னுள்ள இடர் இன்னொன்று. சில புரதங்கள் நுளம்பினுள் மட்டுமே தோன்றுவன. மனித உடல் அவற்றைக் கண்டறியாத காரணத்தால், ஒட்டுண்ணி அவற்றை உருமாற்ற வேண்டிய தேவை எழவில்லை; ஆதலின் அவை நல்ல இலக்காகின்றன. ஆனால் இயற்கை நோய்த்தாக்கம் அவ்வெதிர்ப்பைப் புதுப்பிக்கவும் மாட்டாது. வேறு சில புரதங்கள் மனிதக் குருதியிலேயே தோன்றுவதால், நோய் வரும்போதெல்லாம் எதிர்ப்பு புதுப்பிக்கப்படலாம். இவ்விரண்டில் எதனைத் தேர்வது என்பதே இன்றும் நிகழும் ஆராய்ச்சியின் மையமாகும். வைவாக்சின் நுளம்புப் புரதத்தைக் கொண்ட தடுப்பூசி ஒன்று மனிதரிடம் பரீட்சிக்கப்பட்டு, அதன் முடிவு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. பயன் உண்டாயினும் அது போதியதாக இல்லை. பல்சிப்பாரத்தின் வேறொரு புரதத்தைக் கொண்ட ஊசி, முந்தியதினும் வலிய எதிர்ப்பைத் தருகின்றது என 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதன் களப்பரிசோதனைகள் மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டிலே நடைபெற்றன. முதலாம் வாயிலை மறிக்கும் ஊசியையும் மூன்றாம் வாயிலை மறிக்கும் ஊசியையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்பதும் அறிஞரின் கருத்தாகும். அவ்வாறாயின், பெறுபவரும் அயலவரும் ஒருங்கே காக்கப்படுவர்.

இதற்கிடையில் இலங்கை, தடுப்பூசியின் துணையின்றியே மலேரியாவை வென்றது. 1999ஆம் ஆண்டில் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் காணப்பட்டனர். குருதியை உடனடியாகப் பரிசோதித்தல், நோயாளருக்கு முழுமையாக மருந்தளித்தல், நுளம்புவலை, மருந்துத் தெளிப்பு, குடம்பியை உண்ணும் மீன்களைக் கிணறுகளிலும் குளங்களிலும் விடுதல் ஆகிய பலவற்றையும் மலேரியாத் தடை இயக்கம் இணைத்தே செய்தது. போர் நிகழ்ந்த வடக்கிலும் கிழக்கிலும் அப்பணி முற்றாக நின்றுவிடவில்லை. இந்நாட்டிலேயே தொற்றிய மலேரியா 2012ஆம் ஆண்டு ஒக்டோபரிலே இறுதியாகக் காணப்பட்டது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது. அப்போராட்டத்துக்கு அறிவுரை நல்கியோருள் பேராசிரியை மென்டிசும் ஒருவர்.

அவ்வாறாயின், தடுப்பூசி ஆராய்ச்சி இனித் தேவையில்லையோ எனச் சிலர் வினவலாம். உலகை நோக்கினால் விடை தெளிவாகும். 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 26 கோடியே 30 இலட்சம் பேரை மலேரியா தாக்கியது. 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் ஆபிரிக்கக் குழந்தைகள். நுளம்பு மருந்துகளுக்கும், ஒட்டுண்ணி மாத்திரைகளுக்கும் பழகி வருகின்றன. வைவாக்ஸ் ஒட்டுண்ணியோ ஈரலிலே மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழவல்லது.

இலங்கையை நோக்கினாலும் விடை அதுவேயாகும். மலேரியா நீங்கியதோடு, மக்களின் உடலில் அதற்கெதிரான எதிர்ப்பும் நீங்கிவிட்டது. காப்பின் நினைவு சில மாதங்களே நிலைக்கும் என்று 1988ஆம் ஆண்டில் பொரளையிலே கண்ட உண்மையை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளுதல் தகும். 2012ஆம் ஆண்டின் பின் பிறந்தோர் எவரும் இந்நாட்டு மலேரியாவை அறியாதவர். நோய் போயிற்று, நுளம்பு போகவில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவிலே, இந்திய நகரங்களிற் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் அநொபிலிஸ் ஸ்ரிபென்சி என்னும் நுளம்பு முதன்முறையாகக் காணப்பட்டது. பின்பு யாழ்ப்பாணத்திலும் அது தென்பட்டது. ஆற்றுக் குட்டையை நாடிய பழைய நுளம்பைப் போலன்றி, இது பட்டணத்து வீடுகளின் நீரிலேயே வாழ வல்லது. 2018ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியாவிலிருந்து வந்த நோயாளர் ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது. விரைந்து கண்டறியப்பட்டமையால் அச்சங்கிலி அங்கேயே அறுக்கப்பட்டது.

அயலவரைக் காக்கும் ஊசி இன்னும் எந்த நாட்டிலும் பொதுமக்களின் வழக்கத்துக்கு வரவில்லை. அஃது வரும் வரையில், அவ்வூசி செய்ய வேண்டிய வேலையை மக்களே செய்தல் வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோருள், யாத்திரைக்காகவும் வணிகத்துக்காகவும் இந்தியாவுக்கும், தொழிலின் பொருட்டு ஆபிரிக்க நாடுகளுக்கும் சென்று மீள்வோர் பலர். புறப்படுமுன் மலேரியாத் தடை இயக்கத்தினரை அணுகினால் காப்பு மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும். திரும்பி வந்தபின், மாதங்கள் சென்றும் காய்ச்சல் காணுமாயின், தாம் சென்று வந்த நாட்டை மறவாது வைத்தியரிடம் கூறி, குருதியை மலேரியாவுக்காகப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும். வீட்டுக் கிணற்றையும் நீர்த்தொட்டியையும் நுளம்பு புகாவண்ணம் மூடிவைத்தல் வேண்டும். இவற்றால் முதலிற் பயன்பெறுவோர் அடுத்த வீட்டுக் குழந்தைகளாகவே இருத்தல் கூடும்.